பார்க்கக் கற்ற கணினி – 9: திரையில் இருப்பவர் யார்?

சென்ற பகுதியை 1991-இல் நிறுத்தியிருந்தோம். எம்.ஐ.டி.யில் மேத்யூ டர்க்கும் அலெக்ஸ் பென்ட்லாண்டும் ஒரு முகத்தை ஒரு சிறிய எண்வரிசையாகச் சுருக்கி, அந்த எண்களை ஒப்பிட்டே ஆளை அடையாளம் காட்டிய ஆண்டு அது. ஐகன்முகம் என்று பெயர் பெற்ற அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் இருந்தன. ஆள் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். வெளிச்சம் சீராக விழ வேண்டும். தலை சாயக் கூடாது. பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டுடியோவில் உட்கார வைப்பார்களே, அந்த ஒழுங்கு இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சினிமா இந்த நிபந்தனைகளில் ஒன்றைக்கூட மதிக்காது. நடிகர் கேமராவைப் பார்க்காமல் நடிப்பதுதான் அங்கே இலக்கணம். ஒரு ஷாட்டில் பாதி முகத்தில் மட்டும் வெளிச்சம். அடுத்த ஷாட்டில் பின்னாலிருந்து விளக்கு, முகம் முழுக்க இருட்டு. காதல் காட்சியில் பக்கவாட்டு முகம், சண்டைக் காட்சியில் ரத்தம், அழுகையில் கோணிய வாய். தொலைவில் நடந்து வரும்போது இருபது பிக்சல் அகலம்கூட இல்லாத முகம், க்ளோசப்பில் திரையையே நிறைத்துவிடுகிறது. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்தால், இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃப்ரேம்கள். அத்தனையிலும் முகங்களைக் கண்டுபிடித்து, இவர் இன்னார் என்று பெயரிடு என்று கணினியிடம் சொன்னால் என்ன ஆகும்? 1990-களின் நடுவில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பதில் எப்படி உருவானது என்பதுதான் இந்தப் பகுதி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரலாற்றைப் புரட்டப் புரட்ட எனக்கு உறுதியாகிவரும் உண்மை அது. முகத்தை வெறுமனே பார்த்து எந்தக் கணினியும் ஒரு பெயரைக் கற்றதில்லை. பெயர் எப்போதும் மனிதர்கள் எழுதி வைத்த எழுத்திலிருந்தே வந்திருக்கிறது. யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று தேடிப் போனால், ஆய்வுக்கூடங்களின் வாசலையே மிதிக்காத எத்தனையோ பேரைச் சந்திக்கிறோம்.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1960-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் வுடி பிளெட்ஸோ செய்த முதல் முயற்சியை இத்தொடரில் பார்த்தோம். கண்ணின் ஓரம் எங்கே, வாயின் ஓரம் எங்கே என்று ஒவ்வொரு புகைப்படத்திலும் ஒரு மனிதர் மின்பலகையில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மணிக்கு 40 படங்கள். அந்தப் புள்ளிகளுக்கு இடையே 20 தூரங்களைக் கணக்கிடுவது மட்டுமே கணினியின் வேலை. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் என்.இ.சி. நிறுவனம் வைத்திருந்த அரங்கம் நினைவிருக்கும். பார்வையாளரைக் கேமரா முன் உட்கார வைத்து, ஏழு பிரபலங்களில் அவர் எந்த வகை முகம் என்று கணினி சொன்னது. அங்கே சேர்ந்த முகங்களைக் கொண்டுதான் கியோட்டோ பல்கலைக்கழக மாணவர் தக்கியோ கனாடே 1973-இல் தம் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். கண், மூக்கு, வாய் ஆகியவற்றை மனிதக் கை உதவியில்லாமல் கணினியே கண்டுபிடித்த ஆய்வு அது.

அதே கனாடே, கால் நூற்றாண்டு கழித்து, இந்தப் பகுதியின் கதையையும் தொடங்கி வைக்கிறார்.

செய்தியில் தொடங்கியது

1990-களில் கனாடே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஷின்இச்சி சத்தோ, யூய்ச்சி நகாமுரா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அமைப்பின் பெயர் 'நேம்-இட்'. தொலைக்காட்சிச் செய்தியில் வரும் முகங்களுக்குத் தானாகப் பெயர் சூட்டுவது அதன் வேலை.

பெயர்கள் எங்கிருந்து வந்தன? காது கேளாதவர்களுக்காகத் திரையின் கீழே ஓடும் எழுத்திலிருந்து. 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை உள்ள எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் அந்த எழுத்தைக் காட்டும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 1990-இல் ஒரு சட்டம் போட்டது; 1993-இல் அது நடைமுறைக்கு வந்தது. காது கேளாதோரின் உரிமைக்காக வந்த அந்தச் சட்டத்தின் துணையால், ஒளிபரப்போடு சேர்ந்து எழுத்தும் கணினிக்குத் தாராளமாகக் கிடைத்தது.

நேம்-இட்டின் கணக்கு எளியது. ஒரு முகம் வரும்போதெல்லாம் ஒரு பெயரும் அருகில் வருகிறதா? பல செய்திகளில் அந்த ஜோடி திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால், அந்த முகத்துக்கு அந்தப் பெயர் என்று முடிவு செய்யலாம். செய்தி வாசிப்பவரின் முகம் எல்லாப் பெயர்களோடும் சேர்ந்து வருமே என்றால், எல்லாவற்றோடும் சேரும் முகத்துக்கு மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். ஒரே செய்தியை வைத்துச் சொன்னால் ஊகம். நூறு செய்திகளை வைத்துச் சொன்னால் நம்பத்தகுந்த சான்று. பெயரும் முகமும் சேர்ந்து வருவதையே ஆசிரியராகக் கொள்ளலாம் என்ற இந்த எண்ணம் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை.

ஆனால் செய்தி வேறு, சினிமா வேறு. செய்தியில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்கிறார்கள். சினிமாவில் கதாபாத்திரம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசுவதில்லை. அது போக, முகத்தைக் கண்டுபிடிப்பதே அன்றைக்குப் பெரிய செலவு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவிலும் 'இது முகமா?' என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு படத்தை முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

பதினைந்து ஃப்ரேம் வேகம்

அந்தச் செலவை 2001-இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் உடைத்தார்கள். அவர்கள் செய்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மனித முகத்தில் கண்கள் இருக்கும் பட்டை, அதற்குக் கீழே உள்ள கன்னப் பட்டையைவிடப் பெரும்பாலும் இருண்டிருக்கும். இரண்டு கண்களுக்கும் நடுவில் மூக்குத்தண்டு வெளுத்திருக்கும். இதைச் சோதிக்க நுட்பமான கணக்கு தேவையில்லை. படத்தின் மேல் இரண்டு செவ்வகங்களை வைத்து, ஒன்றில் உள்ள பிக்சல்களின் கூட்டுத்தொகையிலிருந்து மற்றதன் கூட்டுத்தொகையைக் கழித்தால் போதும். கூட்டிக்கொண்டே இருப்பதுதான் நேரத்தைத் தின்னும். அதற்கு அவர்கள் கண்ட வழி: படத்தை ஒருமுறை மட்டும் முழுக்க ஓடி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கமும் மேல்பக்கமும் உள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வது. பிறகு எந்தச் செவ்வகமானாலும், எவ்வளவு பெரிதானாலும், அதன் நான்கு மூலைகளில் உள்ள நான்கு எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும்.

24-க்கு 24 பிக்சல் கொண்ட ஒரு சிறு சதுரத்துக்குள் இப்படி 1,80,000-க்கும் மேற்பட்ட செவ்வகச் சோதனைகள் சாத்தியம். அவற்றில் உருப்படியானவை எவை என்பதை எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்த சுமார் 6,000 சோதனைகளையும் 38 படிகளாக அடுக்கினார்கள். முதல் படியில் இரண்டே சோதனைகள், நான் மேலே சொன்ன கண்ணும் கன்னமும், கண்ணும் மூக்குத்தண்டும். அதிலேயே முகமல்லாத இடங்களில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடும். சுவர், வானம், சட்டை என்று எதற்கும் மேற்கொண்டு நேரம் செலவழிப்பதில்லை. சராசரியாக ஒரு இடத்துக்குப் பத்துச் சோதனைகளே ஆயின. 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கணினி ஒன்றில் வினாடிக்கு 15 ஃப்ரேம்கள். சினிமா ஓடும் வேகத்தைக் கணினி நெருங்கிவிட்டது.

இப்போது முகங்கள் கிடைத்துவிட்டன. பெயர்கள்?

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தொலைக்காட்சித் தொடர்

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஜிஸ்ஸர்மன். 2002-இல் அவரும் ஆண்ட்ரூ ஃபிட்ஸ்கிப்பனும் ஒரு முழுநீளப் படத்தில் கிடைத்த பல்லாயிரம் முகங்களை ஆளுக்கு ஒரு குவியலாகக் கணினியைக் கொண்டே பிரிக்க வைத்து, முக்கிய நடிகர்களின் முகப் பட்டியலைத் தானாகவே உருவாக்கிக் காட்டினார்கள். குவியல்கள் இருந்தன, ஒன்றிலும் பெயர் இல்லை. 2003-இல் மாணவர் யோசெஃப் சிவிச்சுடன் சேர்ந்து, 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில் ஒரு கடிகாரத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் அது வரும் ஷாட்டுகளையெல்லாம் எடுத்துத் தரும் தேடலை உருவாக்கினார். ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியும் கதை என்பதால், அதே பொருள்கள் வெவ்வேறு கோணங்களில் மீண்டும் மீண்டும் வரும். ஆய்வுக்கு அதைவிடத் தோதான படம் கிடைப்பது அரிது.

2005-இல் அதே குழு 'ப்ரெட்டி வுமன்' படத்தை எடுத்துக்கொண்டு முகத்துக்கு வந்தது. இங்கே முக்கியமான ஒரு திருப்பம். அதுவரை முகமறிதல் என்றால் ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிடுவது. இவர்கள் ஒரு ஷாட்டை எடுத்து, அதில் ஒருவர் முகம் தொடர்ந்து தெரியும் நேரம் முழுவதையும் ஒரே சரமாகக் கோத்தார்கள். நடிகர் திரும்புகிறார், சிரிக்கிறார், கண்ணை மூடுகிறார். அடுத்தடுத்த ஃப்ரேம்களில் இருப்பது அவர்தான் என்பதற்கு முகத்தை ஒப்பிட வேண்டியதில்லை. அசைவைப் பின்தொடர்ந்தாலே தெரியும். ஆகவே கட் விழும்வரை உள்ள நூறு முகங்களும் ஒருவருடையவையே. தனிப் புகைப்படம் ஒருபோதும் தராத செல்வம் இது. ஒரே முகம் எத்தனை விதமாகத் தோன்ற முடியும் என்பதைச் சினிமாவே காட்டிக் கொடுத்துவிடுகிறது. முகமறிதலுக்குச் சினிமா பெரும் இடைஞ்சல் என்று நினைத்திருந்த காலம் போய், சினிமாதான் அதன் பாடசாலை என்றானது இந்த இடத்தில்தான்.

பிறகு 2006. மார்க் எவரிங்ஹாம், சிவிச், ஜிஸ்ஸர்மன் மூவரும் 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டு அத்தியாயங்களை எடுத்துக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளி மாணவியின் கதை. 1997 முதல் 2003 வரை ஓடியது. உலகெங்கும் அதற்கு வெறிபிடித்த ரசிகர்கள். அந்த ரசிகர்கள்தான் இந்த ஆய்வுக்குக் கதவைத் திறந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் என்ன பேசினார் என்று வரிக்கு வரி தட்டச்சு செய்து இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. பிடித்த தொடரின் மேல் இருந்த பாசம் மட்டுமே.

கையில் இருந்தவை இரண்டு எழுத்துகள். ஒன்று டிவிடியில் உள்ள சப்டைட்டில். இந்த வசனம் இந்த வினாடியில் வருகிறது என்று அது சொல்லும். பேசுவது யார் என்று சொல்லாது. மற்றொன்று ரசிகர்களின் வசனத்தாள். பேசுவது யார் என்று அது சொல்லும். எப்போது என்று சொல்லாது. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வார்த்தைக்கு வார்த்தை பொருத்திக்கொண்டு போனால், 'இந்த வினாடியில் பேசுவது பஃபி' என்ற தகவல் கிடைத்துவிடும். சப்டைட்டிலில் வசனத்தைச் சுருக்கியிருப்பார்கள், ரசிகர்கள் ஓரிரு சொற்களைத் தவற விட்டிருப்பார்கள். நீட்டியும் சுருக்கியும் இரண்டு வரிசைகளைப் பொருத்தும் கணக்கு ஒன்று, பேச்சறிதல் துறையில் பல ஆண்டுகளாகப் புழங்கி வந்தது. அதை இங்கே கொண்டு வந்தார்கள்.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. அந்த வினாடியில் திரையில் மூன்று முகங்கள் இருக்கலாம். பேசுபவர் திரையில் இல்லாமலே இருக்கலாம். ஒருவர் பேச, கேட்பவரின் முகத்தைக் காட்டுவது சினிமாவின் பழைய வழக்கம். அங்கே பெயரைச் சூட்டினால் கேட்பவர் பேசுபவராகிவிடுவார்.

இதற்கு அவர்கள் பார்த்தது வாயை. முகத்தில் கண்ணோரங்கள், மூக்கு நுனி, நாசித் துளைகள், வாயோரங்கள் என்று ஒன்பது இடங்களைக் கணினி முதலில் குறித்துக்கொள்கிறது. பிறகு வாய்ப் பகுதியை மட்டும் ஒரு சிறு செவ்வகமாக வெட்டி எடுக்கிறது. அடுத்த ஃப்ரேமிலும் அதே பகுதியை எடுத்துப் பிக்சலுக்குப் பிக்சல் வித்தியாசம் பார்க்கிறது. இடையில் தலை கொஞ்சம் அசைந்திருக்கலாம் என்பதால், அக்கம்பக்கம் நகர்த்திப் பார்த்து, வித்தியாசம் மிகக் குறைவாக வரும் பொருத்தத்தையே கணக்கில் கொள்கிறது. அப்படியும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் உதடு அசைகிறது, அவர் பேசுகிறார். மிகச் சிறிதாக இருந்தால் பேசவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால்? முடிவு சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தெரியாதபோது சும்மா இருப்பது என்ற முடிவுதான் மொத்த முறையையும் காப்பாற்றியது. ஐயமில்லாத இடங்களில் மட்டும் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். அவை குறைவுதான், ஆனால் நம்பத்தகுந்தவை. பிறகு அந்தச் சில முகச் சரங்களை முன்மாதிரியாக வைத்து, மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பெயரிட்டார்கள். முகத்தோடு சட்டையின் நிறத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். முகத்துக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு அதிலுள்ள நிறங்களை எண்ணுவது. ஒரே காட்சிக்குள் நடிகர் உடை மாற்ற மாட்டார் அல்லவா? முகம் இருட்டில் இருந்தாலும் சட்டை காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு அத்தியாயத்தில் 62,000-க்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள். அவற்றில் சுமார் 25,000 முகங்கள். சரமாகக் கோத்தபோது அவை ஐநூற்றுச் சொச்சமாகச் சுருங்கின. ஒவ்வொரு சரத்துக்கும் கட்டாயம் ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்று வைத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் சரியாக இருந்தது. ஐயமுள்ளவற்றைச் சொல்லாமல் விட அனுமதித்தால் துல்லியம் இன்னும் உயர்ந்தது. ஆய்வாளர்கள் யாரும் உட்கார்ந்து ஒரு முகத்துக்குக்கூடப் பெயர் எழுதித் தரவில்லை. டிவிடியின் சப்டைட்டிலும் ரசிகர்களின் வசனத்தாளும் போதுமானதாக இருந்தன.

இதில் இன்னொரு படியும் உண்டு. வசனத்தாள் தருவது கதாபாத்திரத்தின் பெயரை. நடிகரின் பெயர் வேண்டுமென்றால் மூன்றாவது எழுத்து தேவை, அதாவது நடிகர் பட்டியல். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தில் பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேடங்களில் வருவார். வசனத்தாளை நம்பும் கணினிக்கு அவர் மூன்று ஆள். முகத்தை மட்டும் நம்பும் கணினிக்கு, ஒப்பனை ஏமாற்றாவிட்டால், ஒரே ஆள். இரண்டுமே சரியான விடைதான். எது வேண்டும் என்பதைக் கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டு முகமும் பாரிஸும்

பஃபி ஆய்வில் ஒரு பெரிய குறை இருந்தது. வயோலா–ஜோன்ஸ் வழியில் வந்த கருவிகள் நேர்முகத்தையே நன்றாகக் கண்டுபிடித்தன. இருவர் எதிரெதிரே நின்று பேசினால் இருவருமே பக்கவாட்டில் தெரிவார்கள். அப்போது கணினிக்கு அங்கே ஆளே இல்லை. 2009-இல் அதே மூவரும் பக்கவாட்டு முகத்தையும் சேர்த்துப் பின்தொடர்ந்து இந்த ஓட்டையை அடைத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி கூரும் பென் டாஸ்கரும் 'லாஸ்ட்' தொடரை எடுத்துக்கொண்டு, 'இந்த மூன்று பெயர்களில் ஏதோ ஒன்று இந்த முகத்துடையது' என்ற அரைகுறைத் தகவலிலிருந்தே சரியான பெயரைக் கற்பது எப்படி என்று கணித அடிப்படையில் விளக்கினார்கள்.

2013-இல் பாரிஸில் பியோத்தர் போயனோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் நடிகரையும் செயலையும் ஒருசேரத் தேடினார்கள். சோதனைக் களங்களில் ஒன்று 1942-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படமான 'காஸாபிளாங்கா'. சட்டை நிறம் தரும் துப்பு அங்கே கிடையாது. பதிலாக, திரைக்கதையில் வசனத்துக்கு நடுவே எழுதியிருக்கும் விவரணையைப் பயன்படுத்தினார்கள். 'ரிக் உட்காருகிறான்' என்று ஒரு வரி இருந்தால், அந்த நேரத்தை ஒட்டிய துண்டில் தெரியும் ஆட்களில் ஒருவராவது ரிக்காக இருந்தாக வேண்டும், அவர் உட்காரவும் வேண்டும். உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் ரிக் யார் என்று தெரியும். ரிக் யார் என்று தெரிந்தால் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரியும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளர்ந்தன.

நடிகர் முகமே பாடநூல்

2014-இல் காற்று திசை மாறியது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் 'டீப்ஃபேஸ்' என்ற நியூரல் நெட்வொர்க், 4,000 பேரின் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்துக் கற்றது. இரண்டு படங்களில் இருப்பது ஒரே ஆளா என்ற சோதனையில் அது எடுத்த மதிப்பெண் 97.35 சதவீதம்; அதே சோதனையில் மனிதர்கள் எடுத்தது 97.53. மறு ஆண்டே கூகுள் 99 சதவீதத்தைத் தாண்டியது. இந்தச் சோதனைக்கு வைத்த 13,233 புகைப்படங்களும் செய்தித்தளங்களிலிருந்து வந்தவை. அவற்றைப் பொறுக்கித் தந்ததே வயோலா–ஜோன்ஸ் கருவிதான். அந்தக் கருவிக்குப் பிடிபடாத முகங்கள் சோதனைத்தாளிலேயே இல்லை.

ஃபேஸ்புக்கிடம் இருந்த படங்கள் வெளியார் யாருக்கும் கிடைக்காதவை. பல்கலைக்கழகங்கள் என்ன செய்யும்? இணையத்தில் பெயரோடு சேர்ந்து ஏராளமாகக் கிடைக்கும் முகங்கள் யாருடையவை? நடிகர்களுடையவை. சீன அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளத்திலிருந்து 10,575 பேரின் ஏறத்தாழ 4,94,000 படங்களைத் திரட்டினார்கள். 2015-இல் ஜிஸ்ஸர்மனின் ஆக்ஸ்ஃபோர்டு குழு, ஐ.எம்.டி.பி.யின் பிரபல நடிகர் பட்டியலிலிருந்து தொடங்கி 2,622 பேரின் 26 லட்சம் படங்களைத் தொகுத்து, அதில் கற்ற நெட்வொர்க்கை ஆய்வுலகுக்கு வழங்கியது. ஐ.எம்.டி.பி.யே எப்படிப் பிறந்தது? 1990-இல் இங்கிலாந்தின் கோல் நீதம் என்ற சினிமா ரசிகர், இணையக் குழுக்களில் ரசிகர்கள் தொகுத்து வைத்திருந்த நடிகர் பட்டியல்களைத் தேடத்தக்க வடிவில் ஒன்றுசேர்த்ததில் பிறந்தது. 1998-இல் அமேசான் அதை வாங்கியது. இங்கும் பெயர்களை முதலில் எழுதியவர்கள் ரசிகர்களே.

இந்தியாவில் 2013-லேயே ஐதராபாத்தின் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தியப் படங்களிலிருந்து 100 நடிகர், நடிகைகளின் 34,512 முகங்களைத் தொகுத்திருந்தார்கள். எண்ணிக்கையில் சிறியது, ஆனால் தரத்தில் தனியாக நிற்பது. ஒவ்வொரு முகத்தையும் மனிதர்களே ஃப்ரேமிலிருந்து தேர்ந்து வெட்டியெடுத்து, வயது, கோணம், முகபாவம், முகத்தை மறைப்பது தாடியா கண்ணாடியா என்பதுவரை எழுதி வைத்தார்கள். இணையத்தில் கிடைக்கும் நடிகர் படங்களில் பெரும்பாலானவை விழா மேடையிலும் விளம்பரத்திலும் எடுத்தவை. நடிக்கும்போது அந்த முகம் என்னவாகிறது என்பதைக் காட்டியது ஐதராபாத் தொகுப்பு.

கருவி எதற்குப் பயன்பட்டது

வீட்டுத் திரைக்கு நடிகர் பெயர் 2012-இல் வந்தது. அமேசானின் 'எக்ஸ்-ரே' வசதியில், படத்தை நிறுத்தினால் அந்தக் காட்சியில் இருக்கும் நடிகர்களின் பெயரும் விவரமும் ஐ.எம்.டி.பி.யிலிருந்து வந்து நிற்கும். ஆனால் என் பார்வையில், இந்தத் தொழில்நுட்பம் சினிமாவுக்குச் செய்த ஆகப் பெரிய உதவி வேறு.

நடிகை ஜீனா டேவிஸ் 2004-இல் தொடங்கிய நிறுவனம், திரையில் பெண்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று ஆராய்ந்து வந்தது. மனிதர்கள் உட்கார்ந்து வினாடி வினாடியாக எண்ணுவது நடக்கிற காரியமில்லை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகாந்த் நாராயணன் தலைமையிலான ஆய்வகம் அதற்குக் கருவி செய்து கொடுத்தது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர். 2014, 2015-இல் அதிக வசூல் செய்த 200 படங்களை அந்தக் கருவி ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தது. 2015-இன் படங்களில் ஆண்கள் திரையில் தெரிந்த நேரம் 28.5 சதவீதம், பெண்கள் 16 சதவீதம். பெண்களுக்கு இடமில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை, தயாரிப்பாளர் மறுக்க முடியாத எண்ணாக்கிக் கையில் கொடுத்தது இந்தக் கருவி.

இத்தகைய கருவிகள் எல்லா முகங்களையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதும் விரைவில் தெரிந்தது. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிகச் சேவைகளைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம்வரை போனது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட், ஒரு லட்சம் பேரின் ஒரு கோடிப் படங்கள் கொண்ட தன் 'பிரபலங்கள்' தொகுப்பைத் திரும்பப் பெற்றது. அதில் நடிகர்களோடு பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள் முகங்களும் இருந்தன. அவர்களில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்ற செய்தி வெளியான பிறகே அது நடந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவானது. எந்த முகத்துக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் எழுதினாரோ, அந்த முகம் கணினிக்குத் தெரியும். எழுதப்படாத முகம் தெரியாது. ரசிகர்கள் உருகி உருகி எழுதிய நாயகி முதலில் அடையாளம் காணப்பட்டாள். வசனத்தாளில் 'காவலர் 2' என்றும் 'கூட்டத்தில் ஒருவர்' என்றும் வரும் துணை நடிகர்கள் இன்றைக்கும் பெயரில்லாமல் கடந்து போகிறார்கள். ஆகவே படங்களைப் பாதுகாக்கும் காப்பகங்கள் சுருளைப் பாதுகாப்பதோடு நிற்கக் கூடாது. திரையில் வந்த ஒவ்வொருவரின் பெயரையும், அவர்களை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதுபவர்களின் உழைப்புக்குக் கூலியும் அங்கீகாரமும் தர வேண்டும். முகத்துக்குரியவரிடம் அனுமதி கேட்பதை ஆய்வின் முதல் படியாக வைக்க வேண்டும். எவரிங்ஹாமின் கணினி உறுதியில்லாத இடத்தில் பெயர் சொல்ல மறுத்தது. அந்த நேர்மை, கருவியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் வேண்டும்.

முகத்தை எண்களாக்கக் கற்ற கலை, எண்களிலிருந்து முகத்தை உருவாக்கவும் விரைவில் கற்றுக்கொண்டது. 2017-இன் இறுதியில் நடிகைகளின் முகங்களை அவர்கள் நடிக்காத காட்சிகளில் ஒட்டிய வீடியோக்கள் இணையத்தில் பரவத் தொடங்கின. அந்தக் கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)